துப்பாக்கி ஏன் வெளியே வருவதில்லை?

கேள்வி இது: பிரிட்டிஷ் ஒற்றர் கதைகளில் துரத்தல் இல்லை, வெடி இல்லை. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுகிறார்கள். எதிரில் இருப்பவன் துரோகி என்று தெரிந்த பிறகும் கைது செய்யாமல் தேநீர் ஊற்றிக் கொடுக்கிறார்கள். நிஜத்திலும் இப்படித்தானா, இல்லை வசனம் எழுதுபவர்களின் ஆசையா?

நிஜத்திலும் ஏறக்குறைய இப்படித்தான். பண்பாடு, நாசூக்கு என்றெல்லாம் காரணம் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. அவர்களிடம் பேச்சைத் தவிர வேறு ஆயுதம் இல்லை என்பதுதான் மீதிப் பாதி.

பிரிட்டனின் உள்நாட்டு உளவுத்துறையான எம்ஐ5-இன் அதிகாரிக்குக் கைது செய்யும் அதிகாரம் கிடையாது. அந்த நாட்களில் கைது செய்ய ஸ்காட்லாந்து யார்டின் சிறப்புப் பிரிவுப் போலீஸ் வர வேண்டியிருந்தது. போலீஸ் வர வேண்டுமானால் கோர்ட்டில் நிற்கக்கூடிய சாட்சியம் வேண்டும். இங்கேதான் சிக்கல். 1940-களின் கடைசியில் பிரிட்டனிலிருந்த சோவியத் உளவாளிகள் அம்பலமானது பெரும்பாலும் ‘வெனோனா’ என்ற சங்கேத உடைப்பு வழியாக. சோவியத் தூதரகங்கள் மாஸ்கோவுக்கு அனுப்பிய தந்திகளை அமெரிக்காவின் ஆர்லிங்டன் ஹாலில் உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தந்திகளுக்கான சங்கேதத் தாள்களில் ஒவ்வொரு பக்கத்தையும் ஒரே ஒரு முறைதான் பயன்படுத்த வேண்டும். அப்படிச் செய்தால் அதை உடைக்க வழியே இல்லை. ஆனால் போர் நெருக்கடியில், 1942 வாக்கில், சுமார் 35,000 பக்கங்களை மாஸ்கோவில் இரண்டாம் பிரதி அச்சிட்டுவிட்டார்கள். அந்த ஒரு சோம்பேறித்தனம்தான் கதவைத் திறந்தது.

திறந்த கதவை யாரிடமும் காட்ட முடியாது என்பதுதான் சோதனை. தந்தியைக் கோர்ட்டில் வைத்தால் சங்கேதம் உடைந்தது ரஷ்யர்களுக்குத் தெரிந்துவிடும். (அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது என்பது தனிக் கொடுமை, அதற்குப் பிறகு வருகிறேன்.) வெனோனா அதிகாரபூர்வமாக வெளியானதே 1995 ஜூலையில்தான். ஆக, ஆள் யார் என்று தெரியும், ஆதாரம் கையில் இருக்கிறது, அதை எடுத்து மேசைமேல் போட முடியாது. அவன் வாயால் அவனே சொல்ல வேண்டும்.

சொன்னாலும் போதாது. மிரட்டியோ ஆசை காட்டியோ வாங்கிய ஒப்புதல் அன்றைய ஆங்கிலேயச் சட்டத்தில் செல்லாது. நம் வாசகர்களுக்கு இது பழகிய விதிதான். 1872-ஆம் வருட இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு இதையேதான் சொன்னது. எழுதியவர் ஆங்கிலேயர் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன். 25-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி போய், போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலே ஏற்கப்படாது என்றது. இங்கிலாந்தில் அந்த இரண்டாவது தடை இல்லை. அதனால் அங்கே ஒப்புதல் வாக்குமூலம் ஒன்று கிடைத்தால், வேறு எதுவுமே இல்லாமல் ஓர் ஆளைச் சிறைக்கு அனுப்பிவிடலாம். ஆனால் அது தானாக வந்ததாக இருக்க வேண்டும். தேநீரும் மென்மையான குரலும் எங்கிருந்து வருகின்றன என்று இப்போது புரிந்திருக்கும்.

இது சரியாக நடந்த வழக்கு என்றால் கிளாஸ் ஃபுக்ஸ். ஜெர்மனியிலிருந்து 1933-இல் தப்பி வந்த இயற்பியலாளர். அமெரிக்காவின் லாஸ் அலமோஸில் அணுகுண்டு வேலையில் இருந்தவர். பிறகு ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே ஹார்வெல் அணு ஆராய்ச்சி நிலையத்தில் கோட்பாட்டு இயற்பியல் பிரிவின் தலைவர். 1949-இல் வெனோனா அவரைக் காட்டிக்கொடுத்தது. எப்படி அணுகுவது என்று எம்ஐ5 யோசித்துக்கொண்டிருந்தபோது ஃபுக்ஸே ஒரு சாக்கைக் கொண்டுவந்து கொடுத்தார். தன் அப்பா கிழக்கு ஜெர்மனியின் லைப்ஸிக்கில் பேராசிரியராகப் போகிறார், இதனால் தன் வேலைக்குப் பாதிப்பு வருமா என்று ஹார்வெலின் பாதுகாப்பு அதிகாரி ஹென்றி அர்னால்டிடம் போய்க் கேட்டார். அர்னால்டு அவருக்கு நண்பர் மாதிரி.

அந்தச் சாக்கை வைத்துக்கொண்டு 1949 டிசம்பர் 21-ஆம் தேதி எம்ஐ5-இன் ஜிம் ஸ்கார்டன் ஹார்வெலுக்குப் போனார். முன்னாள் போலீஸ்காரர், பைப் புகைப்பவர், நிதானமானவர். அப்பாவைப் பற்றி, குடும்பத்தைப் பற்றி, கம்யூனிஸ்ட் இளமையைப் பற்றி ஒரு மணி நேரத்துக்கு மேல் பேச விட்டார். அதன் நடுவே, நியூயார்க்கில் இருந்தபோது சோவியத் ஆட்களுடன் தொடர்பு வைத்திருந்தீர்களா என்று கேட்டார். ஃபுக்ஸ் சொன்ன பதில்: ‘அப்படி நினைக்கவில்லை.’

இந்தப் பதிலை ஒரு நிமிடம் பாருங்கள். குற்றமற்றவன் இதற்குக் கோபப்படுவான், இல்லை சிரிப்பான். ‘நினைக்கவில்லை’ என்று சொல்ல மாட்டான். ரஷ்யனுக்கு ரகசியம் கொடுத்தேனா என்பது நினைவுபடுத்திப் பார்க்க வேண்டிய விஷயமா? ஸ்கார்டன் இதைக் கேட்டும் மேசையைத் தட்டவில்லை. டிசம்பர் 30-இல் மீண்டும் வந்தார், ஜனவரி 13-இல் மீண்டும். ஒவ்வொரு முறையும் ஃபுக்ஸ் மறுத்தார். ஒவ்வொரு முறையும் ஸ்கார்டன் அவரைத் தன் மனச்சாட்சியோடு தனியே விட்டுவிட்டுப் போனார். ஜனவரி 24-இல் கூப்பிட்டது ஃபுக்ஸ். காலையில் பேசியும் ஒன்றும் நகரவில்லை. அபிங்டன் ஊர் ஹோட்டலில் மதியச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். அதற்குப் பிறகுதான் உடைந்தார். 27-ஆம் தேதி லண்டன் வார் ஆபீஸில் அவர் சொல்லச் சொல்ல ஸ்கார்டன் கையால் எழுதினார், ஃபுக்ஸ் கையெழுத்துப் போட்டார்.

இதிலே எனக்குப் பிடித்த கட்டம் அடுத்தது. குண்டைப் பற்றி ரஷ்யர்களுக்குக் கொடுத்த தொழில்நுட்ப விவரங்களை ஸ்கார்டனிடம் சொல்ல ஃபுக்ஸ் மறுத்துவிட்டார். காரணம், அவற்றைத் தெரிந்துகொள்ளும் அனுமதி ஸ்கார்டனுக்கு இல்லை! ரஷ்யாவுக்கு எல்லாவற்றையும் கொடுத்தவர் சொன்ன சட்டம் இது. அனுமதி பெற்ற மைக்கேல் பெரின் என்ற அதிகாரியை ஜனவரி 30-இல் தனியாக உட்கார வைத்துக் குறிப்பு எடுக்க வேண்டியதாயிற்று. இப்படியொரு காட்சியை யாராவது கற்பனையாக எழுதியிருந்தால் மிகை என்று சொல்லியிருப்போம்.

பிப்ரவரி 2-இல் கைது, மார்ச் 1-இல் லண்டன் ஓல்டு பெய்லி கோர்ட்டில் விசாரணை. ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. 14 வருடம். அரசு ரகசியச் சட்டத்தில் அதுதான் உச்சம். ரகசியம் கொடுத்த காலத்தில் சோவியத் யூனியன் எதிரி நாடு அல்ல, நட்பு நாடு என்பதால் தேசத் துரோகக் குற்றம் சாட்டப்படவில்லை. ஒப்புக்கொண்டால் ஹார்வெலிலேயே இருக்கலாம் என்று ஃபுக்ஸ் நம்பும்படி பேசினார்களா, அப்படியானால் அது ஆசை காட்டி வாங்கிய ஒப்புதல் அல்லவா என்ற கேள்வி தொங்கிக்கொண்டுதான் இருந்தது. குற்றத்தை அவரே ஏற்றுக்கொண்டதால் அதை யாரும் கோர்ட்டில் கிளப்பவில்லை.

இந்த ஒரு வெற்றியால் ஸ்கார்டனுக்கு மந்திரவாதி என்ற பெயர் வந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஃபுக்ஸ் உடையக் காத்திருந்த மனிதர். உடைய விருப்பமில்லாதவர்களிடம் ஸ்கார்டன் தோற்றார், அதுவும் ஃபுக்ஸுக்கு முன்பே. 1947-இல் ஆக்ஸ்ஃபோர்டுஷயர் கிராமம் ஒன்றில் ‘சோன்யா’ என்ற சங்கேதப் பெயர் கொண்ட உர்சுலா பியூர்ட்டனைப் பார்க்கப் போனார். நீங்கள் போருக்கு முன் சோவியத்துக்கு வேலை செய்தது எங்களுக்குத் தெரியும், இங்கே வந்த பிறகு ஒன்றும் செய்யவில்லை என்பதும் தெரியும், அதனால் தயங்காமல் பேசலாம் என்ற தோரணையில் ஆரம்பித்தார்கள். அன்பாகப் பேசுவதாக நினைத்தார்கள். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் தங்களிடம் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு இல்லை என்று இரண்டையும் சொல்லிவிட்டார்கள். இங்கிலாந்தில் ஃபுக்ஸிடம் தாள்களை வாங்கி மாஸ்கோவுக்கு அனுப்பியதே அந்தப் பெண்தான். அவர் எதையும் ஒப்புக்கொள்ளாமல் அனுப்பிவைத்தார். ஃபுக்ஸ் மாட்டிய பிறகு குழந்தைகளோடு கிழக்கு ஜெர்மனிக்குப் பறந்துவிட்டார்.

எதிராளிக்கு நம் கையில் என்ன இருக்கிறது என்று தெரியாத வரைதான் இந்த ஆட்டம் ஓடும். விசாரணை அறையின் ஒரே மூலதனம் அது. இதை மனதில் வைத்துக்கொண்டு கிம் ஃபில்பியிடம் வாருங்கள்.

ஃபில்பி பிறந்தது அன்றைய பஞ்சாபின் அம்பாலாவில், 1912-இல், அப்பா ஐ.சி.எஸ். அதிகாரி. கேம்பிரிட்ஜ் படிப்பு, வெளிநாட்டு உளவுத்துறையான எம்ஐ6-இல் வேலை. 1949 முதல் வாஷிங்டனில் அமெரிக்க உளவுத்துறைகளுடன் தொடர்பாளர். அந்தப் பதவியின் பேரில் வெனோனா விவரங்கள் அவர் பார்வைக்கு வந்தன. ரஷ்யர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது என்றேனே, தெரிவித்தவர்களில் இவர் ஒருவர். ஆகவே ‘ஹோமர்’ என்ற சங்கேதப் பெயருக்குப் பின்னால் இருப்பது வெளியுறவுத் துறை அதிகாரி டொனால்டு மெக்லீன் என்று வட்டம் சுருங்குவதை அவர் உள்ளே இருந்தே பார்த்தார். கர்ப்பிணி மனைவி நியூயார்க்கில் தன் தாயோடு இருந்தாள், ஹோமர் வாஷிங்டனிலிருந்து அவளைப் பார்க்கப் போய்வந்தான் என்ற ஒரு குடும்ப விவரம்தான் மெக்லீனை மாட்டிவிட்டது.

1951 மே 28, திங்கட்கிழமை மெக்லீனை விசாரிக்க ஏற்பாடு. மே 25, வெள்ளிக்கிழமை இரவே இன்னொரு சோவியத் உளவாளியான கை பர்ஜெஸுடன் சவுத்தாம்ப்டனில் கப்பலேறிவிட்டார். எம்ஐ5 அவரைப் பின்தொடர்ந்துகொண்டுதானே இருந்தது? லண்டன் விக்டோரியா ரயில் நிலையம் வரைதான். அவர் வீடு டாட்ஸ்ஃபீல்டு என்ற சிற்றூரில். அங்கே புது முகம் ஒன்று நின்றால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று ரயிலேற்றிவிட்டு அனுப்பிவிடுவார்கள். வார இறுதியில் கண்காணிப்பே இல்லை. கதைகளில் எல்லாவற்றையும் பார்க்கும் கண் என்று காட்டப்படும் அமைப்பின் நிஜம் இது.

சந்தேகம் நேரே ஃபில்பிமேல் விழுந்தது. பர்ஜெஸ் வாஷிங்டனில் அவர் வீட்டிலேயே தங்கியிருந்தவர். 1951 டிசம்பரில் ஹெலினஸ் மில்மோ என்ற வழக்கறிஞர் அவரை விசாரித்தார். உரத்த குரலில், குறுக்கு விசாரணை பாணியில். மில்மோவிடம் நல்ல சரக்கு இருந்தது. 1945-இல் இஸ்தான்புல் சோவியத் துணைத் தூதரகத்தின் வோல்கோவ், பிரிட்டனில் உள்ள சோவியத் உளவாளிகளின் பெயர்களைத் தருகிறேன் என்று முன்வந்தார். விஷயம் லண்டனுக்கு வந்ததும் அந்தக் கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டவர் ஃபில்பி. அவர் இஸ்தான்புல் போய்ச் சேர்வதற்கே வாரக்கணக்கானது. அதற்குள் வோல்கோவ் மாஸ்கோவுக்குக் கொண்டுபோகப்பட்டுவிட்டார். அந்த நாட்களில் லண்டனிலிருந்து மாஸ்கோவுக்கான சோவியத் வானொலிச் செய்திகள் திடீரென்று கூடின. அடுத்து மாஸ்கோவிலிருந்து இஸ்தான்புல்லுக்கு. இதற்கு என்ன விளக்கம் என்று மில்மோ கேட்டார். விளக்கம் எதுவும் தெரியாது என்று ஃபில்பி நிறுத்திக்கொண்டார்.

அவ்வளவுதான். கெட்டிக்காரன் என்றால் கதை கட்டுவான் என்று நினைப்போம். கதை கட்டினால் அதைச் சோதிக்கலாம், ஓட்டை கண்டுபிடிக்கலாம். ‘தெரியாது’ என்பதைச் சோதிக்க முடியாது. கூடவே இயல்பான திக்குவாய். ஒவ்வொரு கேள்விக்கும் யோசிக்க அவகாசம், பார்ப்பவருக்கு இரக்கம். ஆனால் இவற்றையெல்லாம் விடப் பெரியது, மில்மோவின் கையில் இருக்கும் சீட்டுகள் எவை, அவற்றில் எவை கோர்ட்டுக்குப் போகாது என்பது ஃபில்பிக்கு மனப்பாடம். குற்றவாளி என்ற முடிவோடுதான் மில்மோ அறிக்கை கொடுத்தார். வழக்கு? இல்லை. ஸ்கார்டனும் போய்ப் பல முறை பேசிப் பார்த்தார். பயனில்லை.

1955 அக்டோபரில் மார்கஸ் லிப்டன் என்ற எம்.பி. காமன்ஸ் சபையில் ஃபில்பியின் பெயரைச் சொல்லியே கேள்வி கேட்டார். சபைக்குள் சொன்னதற்கு அவதூறு வழக்குப் போட முடியாது. வெளியுறவு அமைச்சர் ஹெரால்டு மேக்மில்லன் நவம்பர் 7-இல் பதில் சொன்னார்: ஃபில்பி நாட்டைக் காட்டிக்கொடுத்தார் என்று முடிவுக்கு வர எனக்குக் காரணம் எதுவும் இல்லை என்பது அதன் சாரம். ‘அவர் நிரபராதி’ என்று சொல்லவில்லை, கவனியுங்கள். ஊர் அப்படித்தான் கேட்டுக்கொண்டது. மறுநாள் தன் தாயின் ஃபிளாட்டில் நிருபர்களை வரவழைத்தார் ஃபில்பி. சபைக்கு வெளியே வந்து சொல்லட்டும் என்று லிப்டனுக்குச் சவால். கம்யூனிஸ்டுகளோடு தொடர்பு பற்றிக் கேட்டபோது, கம்யூனிஸ்ட் என்று தெரிந்து ஒருவரோடு கடைசியாகப் பேசியது 1934-இல் என்றார். ‘தெரிந்து’ என்ற அந்த ஒரு சொல்லில் பர்ஜெஸ் அடங்கிவிடுகிறார், மெக்லீன் அடங்கிவிடுகிறார். அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாதே! லிப்டன் சில நாட்களில் குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றார். அந்தப் பேட்டியின் படச்சுருள் இன்றும் இருக்கிறது. பாருங்கள், அந்தப் புன்னகையை எந்த நடிகரும் தாண்டியதாகத் தெரியவில்லை.

நம்பிக்கை என்ற விஷயம் இங்கேதான் வருகிறது. எம்ஐ6-இல் பலர் அவரை உளமார நம்பினார்கள். ஒரே பள்ளி, ஒரே கல்லூரி, ஒரே கிளப். எம்ஐ5-இல் பலர் போலீஸ், ராணுவம் வழியாக வந்தவர்கள். அவர்கள் கேட்ட கேள்விகளை எம்ஐ6 அவமதிப்பாகவே எடுத்துக்கொண்டது. இந்த நம்பிக்கையின் உச்சம் நிக்கலஸ் எலியட். ஃபில்பியின் நெருங்கிய நண்பர், அவருக்காக வருடக்கணக்கில் வாதாடியவர். 1956-இல் ‘அப்சர்வர்’, ‘எகானமிஸ்ட்’ இதழ்களின் நிருபராக பெய்ரூட்டுக்கு ஃபில்பி போனதும், எம்ஐ6-க்கு மீண்டும் தகவல் தரத் தொடங்கியதும் இந்த நட்பு வட்டத்தின் தயவில்தான்.

1961-ஐத் தாண்டிப் போக முடியாது. எம்ஐ6-க்குள் இருந்த சோவியத் உளவாளி ஜார்ஜ் பிளேக்கை அதே எம்ஐ6-இன் ஹெரால்டு ஷெர்கோல்டு லண்டன் கார்ல்டன் கார்டன்ஸில் விசாரித்தார். இரண்டு நாளுக்கு மேலாக மறுப்பு. பிறகு வேறு பாதை: கொரியாவில் சிறையில் உங்களைச் சித்திரவதை செய்து பணிய வைத்துவிட்டார்கள், உங்கள்மேல் தவறில்லை என்று இரக்கத்தோடு சொன்னார்கள். பிளேக்குக்குப் பொறுக்கவில்லை. யாரும் என்னை மிரட்டவில்லை, நானாகவே நம்பிக்கையின் பேரில் செய்தேன் என்று கொட்டிவிட்டார். ஃபுக்ஸிடம் வேலை செய்தது மனச்சாட்சி, பிளேக்கிடம் தன்மானம். அவருக்குக் கிடைத்தது 42 வருடம். 14 வருடத் தண்டனைகள் மூன்று, ஒன்றன்பின் ஒன்றாக. என் கணிப்பில் அந்தத் தீர்ப்பு அடுத்தடுத்த விசாரணைகளின் விலையை ஏற்றிவிட்டது. வாயைத் திறந்தால் 42 வருடம் என்று தெரிந்த பிறகு எவன் தானாகப் பேசுவான்? அதற்குப் பிறகு மேசையில் வைக்க ஒன்றுதான் மிஞ்சியது: வழக்குத் தொடுக்க மாட்டோம் என்ற உறுதி.

அந்த உறுதியோடுதான் 1963 ஜனவரியில் எலியட் பெய்ரூட் போனார். 1930-களில் ஃபில்பி தன்னை உளவுக்கு அழைத்ததாக ஃபுளோரா சாலமன் என்ற பழைய தோழி 1962-இல் வாய் திறந்திருந்தார். எம்ஐ5-இன் ஆர்தர் மார்ட்டின்தான் போவதாக இருந்தது. எம்ஐ6 தலைவர் டிக் வைட் ஆளை மாற்றினார். கடைசிவரை ஆதரித்த நண்பனே வந்து ‘தெரிந்துவிட்டது’ என்றால் ஆட்டம் முடிந்தது என்று ஃபில்பிக்குப் புரியும் என்பது கணக்கு. தலையில் கட்டோடு வந்தார் ஃபில்பி, குடித்துவிட்டு விழுந்த காயம். வருவது நீயாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன் என்றாராம்.

கணக்கு பாதி பலித்தது. ஒப்புக்கொண்டார், ஆனால் போருக்குப் பிறகு நிறுத்திவிட்டதாக ஒரு கோடு போட்டுக்கொண்டு. அந்த ஒப்புதல் தாளை வாங்கிக்கொண்டு எலியட் கிளம்பிவிட்டார். லெபனான் மண்ணில் பிரிட்டனுக்குக் கைது அதிகாரம் இல்லை என்பது சரி, வாசலில் ஒரு ஆளை நிறுத்தக்கூடவா முடியாது? வேண்டுமென்றே ஓட விட்டார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. லண்டனில் ஒரு வழக்கு நடந்து எல்லாம் சந்திக்கு வருவதை யாரும் விரும்பவில்லை என்பதுவரை நான் ஒப்புக்கொள்வேன். திட்டமிட்டுச் செய்தார்கள் என்று சொன்னால் மட்டும் விக்டோரியா ரயில் நிலையத்தை நினைத்துக்கொள்கிறேன்: கோட்டை விட இவர்களுக்குத் திட்டம் தேவையில்லை. ஜனவரி 23 இரவு விருந்து ஒன்றுக்கு வருவதாக மனைவியிடம் சொன்ன ஃபில்பி அங்கே போகவில்லை. அடுத்து அவர் இருந்தது மாஸ்கோவில்.

1964 ஏப்ரல் 23-இல் அதே ஆர்தர் மார்ட்டின், அரண்மனை ஓவியங்களின் பொறுப்பாளர் சர் அந்தோணி பிளன்ட்டின் ஃபிளாட்டில் உட்கார்ந்தார். சோவியத் உளவாளி என்ற சந்தேகத்தில் 1951 முதல் 11 முறை விசாரித்தும் அசையாதவர். இம்முறை அட்டர்னி ஜெனரல் தந்த உறுதியைச் சொன்னதும் எழுந்துபோய் ஒரு கோப்பை மது ஊற்றிக்கொண்டு வந்து ஒப்புக்கொண்டார். அரசியின் தனிச் செயலருக்கு விஷயம் தெரிவிக்கப்பட்டது. பிளன்ட் 1972 வரை அதே பதவியில், அதே ஓவியங்களைப் பார்த்துக்கொண்டு இருந்தார். நாட்டுக்குத் தெரிந்தது 1979 நவம்பரில், மார்கரெட் தாட்சர் காமன்ஸ் சபையில் சொன்னபோது.

எலியட்டும் ஃபில்பியும் பேசிய பெய்ரூட் அறையில் ஒலிவாங்கி வைத்திருந்தார்கள். ஆனால் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டார்கள். ஒலிநாடாவில் பாதி, தெருவில் போன கார்களின் சத்தம்.